அரிவாளைக் காட்டி மிரட்டினால் என்ன தண்டனை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்மாவட்டக் கீழமை நீதிமன்றங்களில் பல வருடங்களாக வழக்கு நடத்தி வருகிறேன். வரப்புத் தகராறு, வட்டிக் கடன், காதல் திருமணம், கோயில் கொடை என்று எதில் தொடங்கினாலும், புகாரின் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான்: "அரிவாளைக் காட்டிக் கொலை மிரட்டல் விடுத்தார்." அந்த வரியை எழுதத் தெரியாமல் எழுதியதால் உண்மையான வழக்குகள் தோற்பதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பக்கம். இங்குள்ளவை பொதுவான விளக்கங்கள். உங்கள் வழக்கின் காகிதங்களைப் படித்த வழக்கறிஞர் சொல்வதே உங்களுக்கு இறுதி.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) நடைமுறையில் இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் நடந்த சம்பவத்துக்குப் பழைய சட்டம்தான் பொருந்தும். எனவே இரண்டு எண்களையும் தருகிறேன்.

ஆயுதத்தைக் காட்டி மிரட்டுவது எந்தப் பிரிவில் வரும்? எத்தனை ஆண்டு சிறை?

பி.என்.எஸ். 351. பழைய சட்டத்தில் 503, 506. சாதாரண மிரட்டலுக்கு 351(2): 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கொல்வேன், கொடுங்காயம் விளைவிப்பேன், வீட்டைக் கொளுத்துவேன் என்ற வகை மிரட்டலுக்கு 351(3): 7 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பழைய 506-இன் இரண்டாம் பாகம் இதுவே. ஊரில் எல்லோரும் "ஐந்நூற்றாறு இரண்டு" என்று சொல்வது இதைத்தான். ஒரு பெண்ணின் கற்பின்மேல் பழி சுமத்துவேன் என்று மிரட்டுவதும் இதே 7 ஆண்டுப் பிரிவில்தான் அடங்கும். இது பலருக்குத் தெரிவதில்லை.

கவனியுங்கள்: இந்தப் பிரிவில் "ஆயுதம்" என்ற சொல்லே இல்லை. சட்டம் தண்டிப்பது மிரட்டலை. ஆயுதம், அந்த மிரட்டல் வெறும் வாய்ச்சவடால் அல்ல என்பதற்குச் சாட்சி. ஆயுதத்துக்கென்று தனியாகத் தண்டனை தரும் பிரிவுகளும் உண்டு. அவை பின்னால் வருகின்றன.

"கொன்றுவிடுவேன்" என்று சொல்லி அரிவாளைக் காட்டினான். அதுவே போதாதா?

போதாமல் போகலாம். இதைச் சொல்லும்போது எதிரே இருப்பவர் முகம் வாடிவிடும், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும்.

மிரட்டல் குற்றமாக வேண்டுமானால் அதற்குப் பின்னால் ஒரு நோக்கம் இருக்க வேண்டும். ஒன்று, உங்களைக் கலங்கடிக்கும் நோக்கம். அல்லது, நீங்கள் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லாத ஒன்றைச் செய்ய வைக்கும் நோக்கம். அல்லது, உங்களுக்கு உரிமையுள்ள ஒன்றைச் செய்யவிடாமல் தடுக்கும் நோக்கம். சட்டமே தரும் உதாரணம் இது: ஒருவர் தன்மேல் போட்ட உரிமையியல் வழக்கை நடத்தவிடாமல் செய்வதற்காக, அவருடைய வீட்டைக் கொளுத்துவேன் என்று மற்றவர் மிரட்டுகிறார். வழக்கு நடத்துவது அவர் உரிமை. அதைத் தடுக்கத்தான் மிரட்டல். குற்றம் அங்கே முழுமையாகிவிட்டது.

சென்னை உயர் நீதிமன்றம் 1989-இல் நோபிள் மோகன்தாஸ் வழக்கில் சொன்னது இன்றுவரை நம் நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டப்படுகிறது. சொன்னவர் அதை மனதில் கொண்டு சொல்லியிருக்க வேண்டும், கேட்டவர் உண்மையில் அஞ்சியிருக்க வேண்டும். வாயில் வந்த வெறும் சொல் போதாது என்பதே அதன் சாரம். 2019-இல் உச்ச நீதிமன்றம் விக்ரம் ஜோஹர் வழக்கில் இன்னும் கடுமையாக நின்றது. உத்தரப் பிரதேசத்தில் ஒருவர் வீட்டுக்குச் சிலர் வருகிறார்கள். ஒருவர் கையில் ரிவால்வர். கெட்ட வார்த்தைகளால் திட்டி அடிக்க முயல்கிறார்கள், அக்கம்பக்கத்தார் கூடியதும் ஓடிவிடுகிறார்கள். புகாரில் எழுதியது இவ்வளவே. அச்சமூட்டும் நோக்கமோ, எதையாவது செய்ய வைக்கும் நோக்கமோ அதில் இல்லை என்று சொல்லிக் குற்றஞ்சாட்டப்பட்டவரை நீதிமன்றம் விடுவித்தது.

துப்பாக்கியோடு வீட்டுக்கு வந்தவருக்கே அப்படி என்றால், வரப்பில் நின்று அரிவாளை ஆட்டியவருக்கு எப்படி இருக்கும்? எனவே புகாரில் மூன்று விவரங்கள் கட்டாயம் வேண்டும்: அவன் என்ன சொன்னான், எதற்காகச் சொன்னான், அதனால் நீங்கள் என்ன ஆனீர்கள்.

அவன் ஒன்றும் பேசவில்லை, அரிவாளை ஓங்கினான், அவ்வளவுதான். அது குற்றமா?

குற்றம்தான். இப்போதே அடி விழப்போகிறது என்று ஒருவரை அஞ்ச வைக்கும் சைகை "தாக்க முனைதல்" என்னும் குற்றம்: பி.என்.எஸ். 130, 131. தண்டனை சிறியது, 3 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடிநாயின் வாய்ப்பூட்டை ஒருவர் கழற்றத் தொடங்குவதும்கூடச் சட்டத்தின் உதாரணங்களில் ஒன்று. இன்னொன்று: தடியைக் கையில் எடுத்து "உன்னை அடிக்கப்போகிறேன்" என்று சொல்வது. வெறும் சொல் குற்றமாகாது, வெறும் சைகையும் ஆகாமல் போகலாம். ஆனால் சைகைக்குச் சொல் பொருள் தரும்போது குற்றமாகலாம் என்று சட்டமே விளக்குகிறது.

ஓங்கியதோடு நிற்காமல் வெட்டியே விட்டால் கதை வேறு. ஆயுதத்தால் காயம் என்றால் 118(1), 3 ஆண்டு வரை. கொடுங்காயம் என்றால் 118(2). குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஆயுள். கொல்லும் நோக்கத்தோடு கழுத்துக்குக் குறி வைத்து வீசி, குறி தப்பியிருந்தால் 109, கொலை முயற்சி. 10 ஆண்டு வரை. காயம் பட்டிருந்தால் ஆயுள் வரை போகலாம்.

புகார் கொடுத்தேன். மனு ரசீது மட்டும் தந்து அனுப்பிவிட்டார்கள். ஏன்?

சி.எஸ்.ஆர். என்று சொல்லும் அந்த ரசீது முதல் தகவல் அறிக்கை ஆகாது. உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று.

குற்ற நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) அட்டவணைப்படி 351(2), 351(3) இரண்டுமே நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத, ஜாமீனில் விடத்தக்க குற்றங்கள். பழைய சட்டக் காலத்தில் சில மாநிலங்கள் தனி அறிவிக்கை போட்டு இதை மாற்றியிருந்தன. "506(2) என்றால் ஜாமீன் இல்லை" என்ற பேச்சு நம் ஊரில் வேரூன்றியிருப்பதும் உண்மை. ஆனால் காவல் நிலையத்தில் "இது கோர்ட்டுக்குப் போக வேண்டிய விவகாரம்" என்று சொன்னால், அதற்கு அட்டவணையில் இடம் இருக்கிறது.

இதற்குச் சட்டத்திலேயே வழியும் உண்டு. ஒரே சம்பவத்தில் பல குற்றங்கள் இருந்து, அவற்றில் ஒன்றாவது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியத்தக்கதாக இருந்தால், முழு வழக்குமே அப்படிப்பட்டதாகக் கொள்ளப்படும், பி.என்.எஸ்.எஸ். 174(4). பழைய எஃப்.ஐ.ஆர்.களில் 294(பி) (ஆபாசமாகத் திட்டுதல்), 323 (சாதாரணக் காயம்), 506(2) மூன்றும் உடன்பிறந்தவை போல ஒட்டி வந்ததற்கு இதுதான் காரணம் என்பது என் கருத்து. பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டுவது நேரடியாக வழக்குப் பதியத்தக்கது. மற்ற இரண்டையும் அது இழுத்துக்கொண்டு வரும். இன்று அதன் எண் பி.என்.எஸ். 296. உங்களை வழிமறித்து நிறுத்தியிருந்தால் 126(2)-உம் அப்படித்தான்.

ஆகவே, உண்மையில் நடந்த எதையும் விட்டுவிடாதீர்கள். நடக்காததைச் சேர்க்கவும் சேர்க்காதீர்கள். நிலையத்தில் பதிய மறுத்தால் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள், பி.என்.எஸ்.எஸ். 173(4). அங்கும் அசையவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் மனு, 175(3). அந்தத் தபால் ரசீதையும் நகலையும் பத்திரமாக வைத்திருங்கள். நடுவர் முதலில் கேட்பது அதைத்தான்.

வீட்டுக்குள் புகுந்து மிரட்டினார்கள். கூட்டமாக வந்தார்கள்.

அப்படியானால் உங்கள் வழக்கு வலுவானது. தாக்கவோ அச்சுறுத்தவோ ஆயத்தத்தோடு வீட்டுக்குள் அத்துமீறி நுழைவது பி.என்.எஸ். 333, 7 ஆண்டு வரை சிறை. இது போலீஸ் நேரடியாகப் பதியத்தக்கது, ஜாமீனில் விடத்தக்கது அல்ல. வாசற்படியைத் தாண்டினார்களா, தாண்டவில்லையா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். ஐந்து பேருக்குக் குறையாமல் கூடி, வன்முறையில் இறங்கி, அவர்களில் ஆயுதம் தாங்கியவர் இருந்தால் அவர்மேல் 191(3); 5 ஆண்டு வரை.

கத்தியைக் காட்டிச் சங்கிலியைப் பறித்தான். பணம் கேட்டு மிரட்டினான். இரண்டும் ஒன்றா?

இல்லை. அங்கேயே அப்போதே உயிர்ப்பயம் காட்டிப் பறிப்பது வழிப்பறி, 309. 10 ஆண்டு வரை கடுங்காவல். நெடுஞ்சாலையில் சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நடந்தால் 14 ஆண்டு வரை. "நாளைக்குள் பணம் வரவில்லை என்றால் பார்" என்று மிரட்டி வாங்குவது 308. சாவோ கொடுங்காயமோ நேரும் என்று பயமுறுத்திப் பணம் வாங்கிவிட்டால் 10 ஆண்டு வரை.

வழிப்பறியின்போது கொடிய ஆயுதத்தைப் "பயன்படுத்தினால்" 311-இன் கீழ் 7 ஆண்டுக்குக் குறையாத சிறை. வெட்டினால்தான் பயன்படுத்தியதாகுமா? இல்லை என்று 1975-இலேயே உச்ச நீதிமன்றம் பூல்குமார் வழக்கில் தீர்த்துவிட்டது. டெல்லியில் ஒரு பெட்ரோல் பங்கில் நடந்த கொள்ளை அது. பறிகொடுப்பவர் கண்ணில் படும்படி கத்தியைக் கையில் பிடித்திருந்தாலே பயன்படுத்தியதுதான். ஆனால் அந்த 7 ஆண்டு ஆயுதம் பிடித்தவருக்கு மட்டும்; கூட வந்து வெறுங்கையோடு நின்றவருக்குப் பொருந்தாது. எனவே யார் கையில் என்ன இருந்தது என்று ஒவ்வொருவராகப் பிரித்துச் சொல்ல வேண்டியது சாட்சியின் பொறுப்பு.

வீட்டில் அரிவாள் வைத்திருப்பதே குற்றமா?

கதிர் அறுக்கவும் இளநீர் சீவவும் வைத்திருப்பது குற்றமில்லை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் வாள், குத்துவாள், ஈட்டி முதலியவற்றையும், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கூர்மையான ஆயுதங்களையும் பட்டியலில் வைத்துவிட்டு, வீட்டு, வேளாண், தொழில் பயன்பாட்டுக்கானவற்றை விலக்குகின்றன. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி அரசு அறிவித்த பகுதிகளில்தான் இவற்றுக்கு உரிமம் கேட்கப்படும். அதை மீறினால் 25(1-பி)-யின் கீழ் ஓராண்டு முதல் 3 ஆண்டு வரை.

பைக்கின் இருக்கைக்கு அடியில் வீச்சரிவாள் கிடைத்தால் தென்னந்தோப்புக் கதை எடுபடாது. எங்கே, எந்த நேரத்தில், எதற்காக என்பதையே நீதிமன்றம் பார்க்கும்.

துப்பாக்கி என்றால்?

உரிமம் இல்லாத துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தாலே, 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு. மிரட்டலுக்கான தண்டனை தனி. உரிமம் உள்ளவர் அதைக் காட்டி மிரட்டினாலும் 351 பாயும். உரிமத்தையும் ரத்து செய்யலாம். பொம்மைத் துப்பாக்கி என்று பின்னால் தெரியவந்தாலும் மிரட்டல் மிரட்டல்தான், ஏனென்றால் பயந்தவர் உண்மையில் பயந்தார். ஆனால் "கொடிய ஆயுதம்" என்ற பிரிவு அதில் நிற்காது.

வாட்ஸ்அப்பில் அரிவாள் படம் அனுப்பினான். பெயர் தெரியாத எண்ணிலிருந்து வந்தது.

"எந்த வழியிலாவது" என்ற சொல்லைப் புதிய சட்டம் சேர்த்திருக்கிறது. ஆகவே வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் அடங்கும். தன்னை மறைத்துக்கொண்டு மிரட்டினால் 351(4)-இன் கீழ் கூடுதலாக 2 ஆண்டு வரை. ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துவிட்டு உரையாடலை அழித்துவிடாதீர்கள். செய்தி வந்த போனையே வைத்திருங்கள். மின்னணுச் சான்றுக்கு பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவை. அது இல்லாமல் நல்ல வீடியோவும் வீணாகும். கடைக்காரரின் சி.சி.டி.வி. பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும். சம்பவத்தன்றே போய்க் கேளுங்கள்.

பட்டாக்கத்தியோடு ரீல்ஸ் போடுவது வீரம் என்று நினைக்கும் தம்பிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2018 பிப்ரவரியில் சென்னையை அடுத்த மலையம்பாக்கத்தில் அரிவாளால் கேக் வெட்டிய ஒரு பிறந்தநாள் விழாவைப் போலீஸ் சுற்றி வளைத்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. மிரட்டலும் வெட்டுக்குத்தும் வழக்கமாகிவிட்டவர்களைத் தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டு 14-ஆம் எண் சட்டத்தில், அதாவது குண்டர் சட்டத்தில், ஓராண்டு வரை தடுப்புக் காவலில் வைக்க முடியும்.

சாதியைச் சொல்லி அரிவாளைக் காட்டினார்கள்.

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்து, மிரட்டியவர் அவ்விரண்டிலும் இல்லாதவர் என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர வேண்டும். அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே 506 இருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் சாதியை அறிந்தே செய்தால் 3(2)(வி-ஏ) பொருந்தும். முன்ஜாமீனுக்குச் சட்டம் தடை போட்டிருக்கிறது, பாதிக்கப்பட்டவருக்கு அரசு நிவாரணமும் உண்டு. வேண்டுமென்றே கடமை தவறும் அதிகாரிமேல் 4-ஆம் பிரிவின்கீழ் நடவடிக்கை எடுக்கலாம். "அந்தச் சட்டம் எல்லாம் வேண்டாமப்பா, ஊருக்குள் இருக்க வேண்டியவர்கள்" என்று யாராவது சொன்னால், சாதியைச் சொன்ன வார்த்தையைப் புகாரிலிருந்து அடித்துவிடச் சம்மதிக்காதீர்கள். பிறகு சேர்க்கப் போனால், ஜோடித்தது என்ற கேள்வியைச் சாட்சிக் கூண்டில் சந்திக்க வேண்டி வரும்.

மிரட்டியவன் பள்ளி மாணவன். என்ன ஆகும்?

18 வயதுக்குக் கீழ் என்றால் இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும். 7 ஆண்டு வரை தண்டனையுள்ள 351(3)-க்காக அவனைப் பெரியவன் போல் விசாரிக்க முடியாது. அதிகபட்சம் 3 ஆண்டு சிறப்பு இல்லம். அதற்காகச் சின்னப் பையன்தானே என்று பள்ளியோ பெற்றோரோ கடந்துபோகக் கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே ஒரு பட்டியலின மாணவனின் வீட்டுக்குள் அரிவாளோடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. புத்தகப் பைக்குள் அரிவாள் இருப்பது முதல்முறை கண்ணில் பட்டபோதே வீட்டுக்கும் குழந்தைகள் நலத்துக்கான போலீஸ் அதிகாரிக்கும் சொல்லியாக வேண்டும்.

அவன் அரிவாளோடு வந்தான், நான் கட்டையை எடுத்தேன். என்மேலும் வழக்கா?

வழக்குப் பதியலாம், ஆனால் தற்காப்பு உங்கள் உரிமை. சாவோ கொடுங்காயமோ உறுதி என்ற நியாயமான அச்சம் இருந்தால் அந்த உரிமை பி.என்.எஸ். 38-இன்படி வெகுதூரம் நீளும். ஆபத்து நீங்கியதும் உரிமையும் முடிந்தது. ஓடுகிறவனைத் துரத்திப்போய் அடித்தால் அது தற்காப்பு ஆகாது.

புகாரை எப்படி எழுத வேண்டும்?

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். கணவரை இழந்த ஒரு அம்மா வந்தார். பங்காளி, கிணற்றுப் பாதையை மறித்து அரிவாளைக் காட்டியிருக்கிறார். அவர் கையில் இருந்த மனுவில், "ஆபாசமாகத் திட்டி, அரிவாளைக் காட்டிக் கொலை மிரட்டல் விடுத்தார், தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதியிருந்தது. மனு எழுதுபவர்கள் எல்லோருக்கும் எழுதித் தரும் அதே வரி. என்னதான் சொன்னார் என்று கேட்டேன். வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "'நாளைக்கு இந்த மோட்டார் சுவிட்சில் உன் கை பட்டால், அந்தக் கையை எடுத்து இந்தக் கிணற்றிலேயே போடுவேன்' என்றார். மோட்டார் அறைக் கதவில் அரிவாளை ஒருதரம் இறக்கினார். அதிலிருந்து ஒன்பது நாளாக நான் தண்ணீர் பாய்ச்சப் போகவில்லை. வெண்டை எல்லாம் வாடிவிட்டது."

வழக்கு முழுவதும் அந்தப் பேச்சில் இருந்தது. கொடுங்காயம் விளைவிப்பேன் என்ற மிரட்டல் இருக்கிறது. தண்ணீர் பாய்ச்சும் உரிமையைத் தடுக்கும் நோக்கம் இருக்கிறது. பயத்தால் ஒன்பது நாள் போகாமல் இருந்தது இருக்கிறது. கதவில் வெட்டுத் தடம், வயலில் வாடிய செடி. மனுவில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அவர் சொன்னதை அப்படியே, அவர் வாய்மொழியில், தேதி, நேரம், இடம், பார்த்தவர்கள் பெயரோடு எழுதினோம். கதவைப் படம் எடுத்தோம். கெட்ட வார்த்தையையும் எழுதச் சொன்னேன். எழுதக் கூசினார், பெண் எழுத்தர் ஒருவரிடம் தனியாகச் சொல்லி எழுதினார்.

தாமதமாகப் புகார் கொடுத்தால், ஏன் தாமதம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பயந்துகொண்டு வீட்டுக்குள் இருந்ததும் ஒரு காரணம்தான்.

என்மேல் பொய்யாக இந்தப் பிரிவைப் போட்டுவிட்டார்கள். கைது செய்வார்களா?

7 ஆண்டுக்கு மிகாத தண்டனையுள்ள குற்றங்களில் கைது கட்டாயமில்லை. 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. பெரும்பாலும் பி.என்.எஸ்.எஸ். 35(3)-இன் கீழ் ஆஜராகச் சொல்லும் அறிவிப்பு வரும், தவறாமல் ஆஜராகுங்கள். நோக்கம், அச்சம் எதுவுமே காட்டப்படாத எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கோரி அதே சட்டத்தின் 528-இன் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தையோ மதுரைக் கிளையையோ அணுகலாம். இரு தரப்பும் மனமொத்துச் சமரசமானாலும் அதே வழி திறந்திருக்கிறது. தெரிந்தே பொய்ப் புகார் கொடுப்பது தனிக் குற்றம்.

நடந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. இப்போது புகார் தரலாமா?

தரலாம். 351(2)-க்கு 3 ஆண்டுக் காலவரம்பு. 351(3)-க்கு வரம்பு இல்லை. ஆனால் சாட்சிகளின் நினைவுக்கு வரம்பு உண்டு.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லை.

எஃப்.ஐ.ஆர். பதிவான வழக்கை உங்களுக்காக நடத்துவது அரசு உதவி வழக்கறிஞர். அவருக்கு நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை. அதற்கு முந்தைய வேலைக்கு, அதாவது மனு எழுதவும் நடுவரிடம் போகவும், பெரும்பாலான நீதிமன்ற வளாகங்களில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் உள்ளவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவசம். 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். போகும்போது மனு ரசீது, போன், படம் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.